இலையில் விட்டிருந்த இடம்

எங்கள் வீட்டுத் தோட்டத்தை நான் முதலில் பார்த்தது அரைத் தூக்கத்தில். கண்ணைத் திறந்தால் புறவாசலில் கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் சல்லியும்தான் கிடக்கும். மூடினால் போதும், அங்கே அவரைப் பந்தல் நிற்கும். பந்தலுக்குக் கீழே ஈரம் இருக்கும். ஈரத்துக்கு மேலே தட்டான்கள் பறக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷர் புரண்டு படுத்தால் பந்தல் கலைந்துபோகும். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். தூக்கத்தில் புரண்டவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆனாலும் படுவேன். என் சுபாவம் அப்படி.

மேலகரத்தைத் தாண்டி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கட்டிய வீடு இது. அதற்கு முன்னால் வாழ்ந்ததெல்லாம் வாடகை வீடுகள். டெப்போ மாறினால் வீடும் மாறும். செங்கோட்டையில் இருந்தோம், சுரண்டையில் இருந்தோம், புளியங்குடியில் இருந்தோம். எல்லாமே மாடி வீடுகள். பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை, உடைந்த பக்கெட்டில் கத்தரி என்று எதையாவது வளர்ப்பேன். அது தழைத்து வரும் நேரத்தில் வாசலில் லாரி வந்து நிற்கும். "செடிய எல்லாம் எங்கன ஏத்த? போற எடத்துல வச்சுக்கிடலாம்" என்பார். நான் மாடிப்படியில் இறங்கும்போது திரும்பிப் பார்க்க மாட்டேன். புளியங்குடி வீட்டில் விட்டுவந்த எலுமிச்சைக்கு அடுத்து வந்தவள் தண்ணீர் ஊற்றினாளா இல்லையா என்று இன்றைக்கும் சில சமயம் யோசிப்பேன்.

அதனால் இந்தப் புறவாசல் மண் எனக்கு வெறும் மண் இல்லை. விட்டுவிட்டுப் போக வேண்டாத முதல் மண் இது.

ஆனால் அவருக்கு அந்த இடத்தில் வேறொரு கனவு இருந்தது. ஆனி பிறந்து சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் வந்துவிட்டால், எங்கள் ரோட்டில் கார் நிற்காமல் போகும். குளிக்க வந்தவர்கள் வீடு வீடாக நின்று ரூம் இருக்கிறதா என்று கேட்பார்கள். புறவாசலில் கான்கிரீட் போட்டு, சீசன் ஆட்களுக்கு ஒரு ரூம் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. காசுக்காக இல்லை. காசாசை அவருக்கு எப்போதும் கிடையாது. அவருக்கு ஆள் வேண்டும். காலம் முழுக்கக் கூட்டத்தில் நசுங்கி, எல்லாரிடமும் வாயாடி, பிள்ளைகளை மடியில் வாங்கி வைத்து, கிழவிகளைக் கைபிடித்து இறக்கிவிட்ட மனுஷர். இப்போது வீட்டில் என்னைத் தவிர ஒரு முகம் கிடையாது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். சாயங்காலமானால் கேட்டில் கையை வைத்துக்கொண்டு, போகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் பாவமாக இருக்கும். அதற்காக என் மண்ணைக் கொடுக்க முடியுமா?

அன்றைக்கு இங்கிலீஷ் வருஷப் பிறப்பு. மார்கழிப் பனியில் மலையே தெரியவில்லை. சல்லியை ஒதுக்கிவிட்டு, அந்தக் குவியல்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "புது வருஷத்துக்கு எல்லாரும் ஒரு லட்சியம் வைக்கணுமாம். ஆளாளுக்கு அனுப்பியிருக்கான். ஒனக்கு என்னட்டி லட்சியம்?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். எனக்குப் பந்தல் கண்ணில் நின்றது.

"பொங்கலுக்கு விளக்கு முன்னால இலை விரிச்சு காய்கறி வைப்போம்லா. வார பொங்கல விடுங்க. அடுத்த பொங்கலுக்கு அந்த இலையில வைக்கிற காயி, கிழங்கு எல்லாம் இங்கன வெளஞ்சதா இருக்கணும்."

"எல்லாமேவா?"

"கரும்பு, மஞ்சக்குலை, பனங்கிழங்கு மூணும் கடையில வாங்குவோம். பாக்கி அம்புட்டும் நம்ம மண்ணு."

அவர் சிரித்தார். "ஒண்ணு கொறஞ்சா?"

"ஒண்ணு கொறஞ்சாலும் நீங்க ஒங்க ரூமக் கட்டிக்கிடுங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் அம்மா சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பொங்கல் இலை என்றால் சும்மாவா? வாழைக்காய், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, கத்தரி, அவரை, நடுவில் தலைவரைப் போல ஒரு பூசணிக்காய். அவர் அப்போதே கொத்தனாருக்குப் போன் போட்டு, "அடுத்த பொங்கல் கழிஞ்சு வாரும்வே" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மனுஷருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தை, மாசி முழுக்கச் சல்லி பொறுக்கினேன். குனிந்த இடத்தில் எல்லாம் சிமெண்டுக் கட்டி. வாழைக்கன்று வைத்தேன், சேனை துண்டு புதைத்தேன், ஓடை ஓரம் சேம்பு ஊன்றினேன். ஒன்றும் வெளியே தெரியவில்லை. பங்குனி வெயிலில் தரை வெளுத்துக் கிடந்தது. மத்தியானம் படுத்தால் மண்ணுக்கடியில் சேனை கண் விழிப்பது எனக்குக் கேட்கும். கேட்டது என்று சொன்னால் அவர் என்னை டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவார் என்பதால் சொல்லவில்லை. ஆனால் கேட்டது.

வைகாசி கடைசியில் காற்று வந்தது. மலை இடுக்கு வழியாக வருகிற அந்தக் காற்றை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் நுழைகிறவர்களை அது முதுகில் கைவைத்துத் தள்ளும். வாழைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினேன். பிறகு சாரல். வெயிலும் மழையும் ஒரே நேரத்தில் விழும். துணி காயாது, மனசும் ஓரிடத்தில் நிற்காது. புறவாசலில் நின்றால் தூரத்து மலையில் அருவி வெள்ளை நூலாகத் தெரியும். சேனைக் குருத்து குடை விரித்தது அந்த நாட்களில்தான். நனைந்துகொண்டே நின்று பார்ப்பேன். நான் பார்க்கிறேனா, கனவு காண்கிறேனா என்று எனக்கே பிடிபடாது.

அவர் அதே சாரலில் கேட்டில் நிற்பார். "அன்னா பாரு, பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு ரூம் தேடி அலையிதாவ" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். நான் கேட்காத மாதிரி களை பிடுங்குவேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அவரை போட்டேன், கத்தரி நாற்று நட்டேன். சிறுகிழங்குக் கொடி கிள்ளி வைத்தேன். அதைத் தேடி மயில் வந்தது, மயில் போனால் குரங்கு வந்தது. விரட்டி விரட்டி என் தொண்டை போய்விட்டது. ஒருநாள் பின்னால் இருந்து விசில் சத்தம். அவர் பீரோவிலிருந்து தன்னுடைய கண்டக்டர் விசிலை எடுத்து வந்து ஊதிக்கொண்டு நிற்கிறார். குரங்குகள் காம்பவுண்டுச் சுவரில் ஏறி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போயின. "ஒன் தோட்டத்துக்காக இல்லட்டி. சனியன் பிடிச்ச சத்தத்துல தூங்க முடியல" என்றார். ஐப்பசி வரைக்கும் அந்த விசில் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

அந்த பீரோவில் இன்னொன்றும் உண்டு. அவர் கடைசி நாள் டூட்டிக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டை. தேய்த்து மடித்து, நடுவில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார். புது வீட்டுக்கு வந்த சமயம், "பழசுதான, தரை தொடைக்க எடுத்துக்கிடட்டா?" என்று ஒருதரம் கேட்டுவிட்டேன். என்னிடம் அவர் குரல் உயர்த்துவது அபூர்வம். அன்றைக்கு உயர்த்தினார். அதன் பிறகு அந்தத் தட்டின் பக்கம் நான் போகவில்லை.

பூசணி விதையைப் புரட்டாசியில் ஊன்றினேன். இந்தச் செடியைப் போல அவசரக்காரியை நான் பார்த்ததில்லை. கார்த்திகை மழையில் தரை முழுக்கப் படர்ந்து, இடம் போதாமல் காம்பவுண்டுச் சுவரில் ஏறி, பக்கத்து வீட்டுச் சன்ஷேடைப் பிடித்து மேலே போனது. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிற வீடு. சொந்தக்காரர்கள் பம்பாயில். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அவ்வப்போது போய் மொட்டை மாடியைக் கூட்டிவிட்டு, மோட்டார் போட்டு டேங்கை நிரப்பிவிட்டு வருவது அவர் வேலை. கொடி மேலே போய் என்ன செய்கிறது என்று நான் கவலைப்படவில்லை. மூட்டு வலிக்காரிக்கு மாடி எதற்கு?

மார்கழி பிறந்தது. எங்கள் பக்கத்தில் மார்கழிக் கோலம் என்றால் நடுவில் சாணி உருண்டை வைத்து, அதில் பூசணிப்பூ செருக வேண்டும். வெயில் ஏறினதும் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தையில் பிள்ளைகள் வாசலில் சின்ன மண்வீடு கட்டி வைக்கிற சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும், பெண்கள் அந்த வரட்டிகளை எடுத்துப்போய் ஆற்றில் விடுவார்கள். மாதம் முழுக்க விடியுமுன்னால் தெருவில் எல்லாருக்கும் பூ வேண்டும். பூசணிக்கொடி இருப்பதோ எங்கள் வீட்டில் மட்டும்.

எதிர்வீட்டு மதினிதான் முதலில் வந்தாள். மறுநாள் அவள் மகள் வந்தாள். பிறகு தெருவே வந்தது. பனி விழுகிற இருட்டில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் கேட்டில் நிற்பார்கள். அவர் மப்ளரைக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டோடு கொடிக்குள் நுழைந்து பூப் பறித்து வந்து, வரிசையில் கொடுப்பார்.

"படியில நிக்காதீங்க, உள்ள போங்க. எல்லாத்துக்கும் உண்டு. ஏட்டி, ஒனக்கு அரை டிக்கெட்டுதான, சின்னப்பூ போதும்."

"அண்ணாச்சி, பெரிய பூவாக் குடுங்க. எங்க வாசல் பெரிய வாசல்."

"ஒங்க வாசலுக்கு சீசன் பாஸே போட்டுருவோம்."

கேட்டில் ஒரே சிரிப்பு. கோலப்பொடி டப்பாவோடு வாசலில் குனிந்திருக்கிற எனக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்திலிருந்து, பழைய காலத்து பஸ்ஸுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். பனிக்குள் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போகும். ஆள் தெரியாது, பூ மட்டும் தெரியும். அவர் கடைசியாக எனக்கு ஒரு பூவைக் கொண்டு வருவார். "நல்லதாப் பாத்து எடுத்திருக்கேன். சாணியில சாயாம நிக்கும்" என்பார். உண்மைதான், அந்தப் பூ அழுத்தமாக உட்காரும். அந்த மாதத்தில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது வருஷப் பிறப்பும் வந்தது. அதே இடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். சல்லி கிடந்த இடத்தில் இப்போது பந்தல் இருந்தது. வாழை தார் போட்டிருந்தது. சேனையும் சேம்பும் தோண்ட வேண்டியதுதான். சிறுகிழங்கை ஒரு கொடி பிடுங்கிப் பார்த்தேன், கறுத்த தோலோடு மண் வாசம் வீசிக்கொண்டு கொத்தாக வந்தது. அவர் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து மோந்து பார்த்தார். 

பூசணிதான் இன்னும் காய்க்கவில்லை. பூக்கிற பூவைப் பார்த்தால் வண்டி வண்டியாகக் காய்க்க வேண்டும். இலைக்கடியில் எங்காவது மறைந்திருக்கும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து எதிர்வீட்டு மதினி காலை வெயிலில் வந்தாள். கை முழுக்கச் சாணி.

"மதினி, இது என்னன்னு பாருங்க."

அவள் உள்ளங்கையில் எலுமிச்சம் பிஞ்சு அளவில் உருண்டையாக ஒன்று இருந்தது. நுனியில் வாடிய பூ.

"வரட்டி தட்டும்போது கையில நெருடுச்சு. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. தெனமும் ஒண்ணு இருக்கு. நமக்கு ஒறைக்கவே இல்ல பாத்தீங்களா, பூவுக்கு அடியில இருக்குது, சாணிக்குள்ள பொதஞ்சு போவுது."

பிஞ்சைக் கையில் வாங்கினேன். ஆண்பூவுக்கு நீளக் காம்பு, காய்க்காது. பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சு இருப்பதால்தான் சாணியில் சாயாமல் நிற்கும். சாயாமல் நிற்கிற பூவாகத் தேடித் தேடி, நல்லதாகப் பார்த்துப் பார்த்து, மாதம் முழுக்கத் தெருவில் அத்தனை வாசலிலும் என் பூசணிக்காயை நாங்களே புதைத்துவிட்டோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பொங்கலுக்குள் இனி பூத்துக் காய்த்து எங்கே வர?

மதினி போனதும் உள்ளே போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிஞ்சை மேஜைமேல் வைத்தேன்.

"வேணும்னுதான பறிச்சீங்க?"

"என்னட்டி சொல்லுத?"

"ரூம் கட்டணும்லா. அதான் காய்க்கிற பூவா ஒண்ணு விடாமப் பறிச்சு ஊருக்குக் குடுத்திருக்கீங்க."

அவர் பிஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாணியில நல்லா நிக்குதேன்னு குடுத்தேன்" என்றார், மெதுவாக.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதீங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியலில் அவர் எழுந்திருக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நானே பறித்தேன், நீளக் காம்புப் பூவாகப் பார்த்து. வரிசையில் நின்ற பெண்கள், "அண்ணாச்சி எங்க?" என்று கேட்டார்கள். சளி என்றேன். யாரும் டிக்கெட் பேச்சு பேசவில்லை. பூவை வாங்கிக்கொண்டு பனிக்குள் போனார்கள். எனக்கு அந்த நிசப்தம் பிடிக்கவில்லை. நான் சொன்னது தப்பு என்றும் தோன்றவில்லை. இரண்டும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்து பொங்கல் வரைக்கும் இறங்கவில்லை. வீட்டில் சாப்பாடு, தண்ணீர், சாவி இவ்வளவுதான் பேச்சு.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் அவர் கரும்பும் மஞ்சக்குலையும் பனங்கிழங்கும் வாங்கப் பாவூர்சத்திரத்துக்குப் பஸ் ஏறினார். "பூசணிக்காய் வாங்கணுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். தோற்றதைத் தோற்ற மாதிரியே வைத்துக்கொள்ளலாம், சந்தையில் வாங்கி மூடி மறைக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் கொடுத்த வாக்கு அப்படியே கிடக்கட்டும், கொத்தனார் வரட்டும்.

மத்தியானம் கண் அசந்தேன். தூக்கத்தில் அருவி விழுந்தது. பெரிய அருவி இல்லை, மெல்லிசாக, பாறையில் பட்டுச் சிதறுகிற மாதிரி. நான் அருவிக்கரையில் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்கிறேன். புளியங்குடி எலுமிச்சையும் அதில் இருந்தது. எல்லா டப்பாவிலும் தண்ணீர் நிரம்பி வழிகிறது. நிறுத்தத் தெரியவில்லை. முழித்த பிறகும் அருவி விழுந்துகொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு டேங்க். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து பஸ் ஏறியிருக்கிறார். சாவியை எடுத்துக்கொண்டு ஓடி மோட்டாரை நிறுத்தினேன். மாடியில் தண்ணீர் தேங்கிவிட்டதோ என்று பார்க்க, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

மொட்டை மாடி பச்சையாக இருந்தது. என் கொடிதான். கீழே நாங்கள் பூப் பறித்துத் தீர்த்த மாதிரி இங்கே யாரும் பறிக்கவில்லை. டேங்குக்குப் பின்னால் இலைகள் உயரமாக நின்றன. அதற்கு மேலே ஒரு கோணிச்சாக்கு நிழலுக்காகக் கட்டியிருந்தது. கொடியின் அடியில் ஈரம் இருந்தது. இலையை விலக்கினேன்.

பூசணிக்காய். பெரிய காய். பச்சை மாறி மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

அது தரையில் இல்லை. காக்கித் துணிமேல் இருந்தது. தேய்த்த மடிப்பு கலையாத சட்டை. மார்புப் பக்கத்தில் பேட்ஜ் குத்தியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மார்கழி வெயிலானாலும் உச்சி நேரத்தில் அந்தத் தளம் சுட்டது. மலை அன்றைக்குத் தெளிவாக இருந்தது. அவர் சும்மா இருந்திருந்தாலே அவருக்கு ரூம் உண்டு. ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, ஒரு பாவமும் செய்ய வேண்டியதில்லை, வெயிலே அவருக்காக அந்தக் காயைப் பொசுக்கியிருக்கும். நான் அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே மாடியைக் கைகாட்டியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

காயைத் தொடவில்லை. இலையை இருந்த மாதிரியே மூடிவிட்டுக் கீழே வந்து, சாவியை ஆணியில் மாட்டினேன். அவர் கரும்போடு வந்தார்.  மாடிக்குப் போனதை நான் சொல்லவில்லை. கொண்டுவருவதாக இருந்தால் அவரே கொண்டுவரட்டும்.

பொங்கல் அன்று விடியுமுன்னால் முற்றத்தில் பெரிய கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றினேன். விளக்கு முன்னால் தலைவாழை இலை. அதுவும் நம் வாழை. சேனையைக் கழுவி வைத்தேன். சேம்பு, சிறுகிழங்கு, கத்தரி, அவரை, வாழைக்காய். அடுப்பில் பனையோலையைச் செருகிப் பற்றவைத்தேன். ஓலை சடசடவென்று எரிந்து பனியை மஞ்சளாக்கியது. பானையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். அவரைக் காணோம். ஆணியில் சாவியும் இல்லை.

ஓலையைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டிலும் அடுப்பு எரிந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மஞ்சள் வெளிச்சம் நின்றது. அப்போது தலைக்கு மேலே, பக்கத்து மாடியிலிருந்து விசில் சத்தம் வந்தது. இரண்டு விசில். வண்டி எடுக்கச் சொல்லி ஊதுகிற விசில்.

கொஞ்ச நேரத்தில் அவர் கேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் அணைத்த மாதிரி பூசணிக்காய். என் பக்கம் பார்க்காமல் விளக்கு முன்னால் போய் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இலையின் நடுவில் இடம் விட்டிருந்தேன். கத்தரியையும் கிழங்கையும் ஓரமாக ஒதுக்கி, அந்தக் காய் உட்காரும் அளவுக்கு வட்டமாக.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நேத்து மோட்டார ஓட விட்டுட்டுல்லா போனீங்க. நான்தான் போயி நிறுத்துனேன்."

அவர் காயை இலையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பக்கத்தில் வந்து அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து, ஒரு ஓலையை எடுத்துத் தீயில் தள்ளினார். தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல ஒன்ட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். கெடந்தா கெடக்கட்டும்னு. மாடியக் கூட்டப் போனா காலு வைக்க முடியல, தரை சுட்டுச்சு. அது பாட்டுக்குக் கெடக்கு, பாவம்."

பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது.  வேறு எதையாவது பேச வேண்டுமே என்று, "கொத்தனார் வருவாரே, என்ன சொல்ல?" என்றேன்.

"வரட்டும். கேட்டுப் பக்கத்துல ஒரு சிமெண்டு பெஞ்சு போடச் சொல்லுவோம். பூ வாங்க வாறவங்க பனியில நின்னுக்கிட்டே இருக்காங்கள்லா."

பானை பொங்கி வழிந்தது. எதிர்வீட்டில் மதினி குலவையிட்டாள், நானும் இட்டேன். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, காய்க்கு அடியில் பார்த்தேன். வெறும் இலைதான் இருந்தது.

"சட்டைய எங்க? கொண்டாங்க, தொவச்சுத் தேச்சு வைக்கேன்."

"வேண்டாம், அங்கனயே கெடக்கட்டும்" என்றார். "இன்னொரு பிஞ்சு விட்டிருக்கு."